நடையில் எழுப்பிய சுவர்

அண்ணன் கொத்தனார். நான் சுவரைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிப்பேன். என் மனைவி குப்பை அள்ளுவதில் தொடங்கி, வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்களிடம் பேசுவது வரைக்கும் எல்லாம் செய்வாள். பேசுகிற வேலையையாவது நான் செய்திருக்க வேண்டும். புது ஆட்களைக் கண்டால் எனக்கு வார்த்தை வராது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் மாடிக்குப் போய்விடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஏதாவது தாளை நீட்டி, படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் உண்டு.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பூட்டியே கிடக்கிற பழைய வீடுகளை நீண்ட குத்தகைக்கு எடுத்து, நாங்களே சரிசெய்து வாடகைக்கு விடுகிறோம். அப்படி எடுத்த மூன்றாவது வீடு மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் இருந்தது. பின்சுவரில் அரசஞ்செடி வேர்விட்டுக் கை நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. உத்தரத்தைத் தட்டினால் கறையான் மண் கொட்டியது. வௌவால் எச்சத்தை மூட்டை கட்டி வெளியே போட்ட பிறகும் அந்த வாடை எங்கள் சாப்பாட்டுத் தூக்கு வரைக்கும் வந்தது. வெயில் காலம் முழுக்க அதில்தான் கிடந்தோம்.

வீட்டை முன்போர்ஷன், பின்போர்ஷன் என்று இரண்டாகப் பிரித்தோம். வாசலிலிருந்து பக்கவாட்டில் ஒரு நடை போய், கடைசியில் திரும்பிப் பின்னறைகளில் முடியும். பின்போர்ஷனுக்குக் குளியலறை இல்லை. நடை திரும்புகிற இடத்தில் அண்ணன் ஒரு சுவர் எழுப்பிக் குளியலறை எடுத்தார். நீலப் பூப்போட்ட டைல்ஸ் என் மனைவி தேர்ந்தெடுத்தது. நடை குறுகிப்போனது உண்மைதான். பீரோ போகுமா, பிரிட்ஜ் போகுமா, கேஸ் சிலிண்டர் போகுமா என்று அளந்து பார்த்தோம். எல்லாம் போயிற்று.

முன்பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவரின் குடும்பம் வந்தது. பின்பக்கம் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மா மந்தைவெளியில் இரண்டு வீடுகளில் சமையல் செய்தார். அவர் கணவர் தி.நகர் ஜவுளிக் கடை ஒன்றில் வாட்ச்மேன். சாவியைக் கொடுக்கும்போது அண்ணன் தண்ணீர் மோட்டார், மாடியில் துணி காயப்போடுவது எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக அதையும் சொன்னார்.

"நாளிக்கி எதுனா ஆயிட்ச்சின்னா ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா எடுத்துக்கினு போய்டணும். இங்க கொண்டாரக் கூடாது. எல்லா வூட்லயும் சொல்றதுதான், தப்பா நினைச்சிக்காதீங்க."

அந்த அம்மா தெரியும் என்பதுபோல் தலையசைத்தார். கணவர் சிரித்தார்.

"நா நடந்தே போய்ட்றேன் ஓனரே. உனுக்கு அந்த செரமம் வெக்க மாட்டேன்."

அன்று மாடிக்குப் போகாமல் நான் அங்கேயே நின்றிருந்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் அம்மா இறந்தபோது நாங்களும் வாடகை வீட்டில்தான் இருந்தோம். வீட்டுக்காரர் கெட்டவர் அல்ல. இதே வார்த்தைகளை, இவ்வளவு பக்குவமாகத்தான் சொன்னார். அம்மாவை ஆஸ்பத்திரிப் பின்வாசலிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். குளிப்பாட்டவில்லை. தலைமாட்டில் விளக்கு இல்லை. அம்மாவோடு குழாயடியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் தெருமுனையில் வந்து நின்றார்கள். வண்டியை அண்ணன் அங்கே கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். ஒருத்தி கண்ணாடியில் கை வைத்தாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அண்ணனும் நானும் பேசிக்கொண்டதே இல்லை.

இரண்டு வருடம் கழித்து வாட்ச்மேன் காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாங்கள் அப்போது அடையாறில் வேறொரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் அண்ணனின் போன் அடித்தது. அவர் கையெல்லாம் சிமெண்ட். நான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அந்த அம்மா அழவில்லை. அவர் போய்விட்டார் என்று சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, அவுரு வேட்டி ஒண்ணு வீட்ல கீது. நா மட்டும் வந்து எடுத்துக்கினு போய்டவா? உள்ள ரொம்ப நேரம் நிக்க மாட்டேன்."

அண்ணன் கையில் இருந்த சிமெண்ட் காய ஆரம்பித்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன்.

"அவர வூட்டுக்குக் கூட்டிக்கினு வாம்மா," என்றார் அண்ணன்.

எடுத்துக்கொண்டு வா என்று அவர் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு வா என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி சந்தில் நின்றிருந்தது. ஐஸ் பெட்டியும் வந்திருந்தது. அவரை அதில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு நடைக்குள் போனார்கள். திருப்பத்தில் நின்றுவிட்டது. முன்னால் தள்ளினார்கள், பின்னால் இழுத்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள். திரும்பவில்லை. நாங்கள் அளந்ததெல்லாம் நிற்க வைத்துக் கொண்டுபோகிற சாமான்கள். படுத்தபடி வருகிற ஒருவரை நாங்கள் நினைக்கவே இல்லை. கட்டட வேலை தெரிந்த நாங்கள் இரண்டு பேர் இருந்தும்.

முன்போர்ஷன்காரர் வாசலில் நின்று என் மனைவியிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டாமா என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். அந்த அம்மா அண்ணனிடம் வந்து, தெருவிலேயே ஒரு பந்தல் போட்டு வைத்துக்கொள்கிறேன், இவ்வளவு தூரம் விட்டதே போதும் என்றார்.

அண்ணன் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"சம்மட்டி எட்தாடா."

அவர் எழுப்பிய சுவரை அவரே இடித்தார். நீலப் பூ டைல்ஸ் தூள் தூளாக விழுந்தது. மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக அடித்தார். நான் பாண்டுச் சட்டியில் அள்ளி வெளியே கொட்டினேன். தூக்கி வந்தவர்கள் பீடி பிடித்துக்கொண்டு சந்தில் காத்திருந்தார்கள். என் மனைவி நடையைக் கழுவிவிட்டாள். அதன் பிறகு பெட்டி தடங்கல் இல்லாமல் திரும்பி உள்ளே போனது.

குளிப்பாட்டினார்கள். விளக்கு வைத்தார்கள். பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் செங்கல் தூசி அப்பிய தலையோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் தூக்கும்போது ஒரு தோள் குறைந்தது; அவர் எழுந்து போய்க் கொடுத்தார். வந்திருந்தவர்கள் அவரை உறவுக்காரர் என்றே நினைத்தார்கள்.

முன்போர்ஷன்காரர் அடுத்த மாதம் காலி செய்தார். வெகுநாள் அது பூட்டியே கிடந்தது. பார்க்க வந்தவர்கள் விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போனார்கள். அண்ணன் யாரிடமும் மறைக்கச் சொல்லவில்லை.

அதற்கெல்லாம் முன்பே, கருமாதி முடிந்த மறுநாள் அந்த அம்மா, திரைச்சீலை கட்டிக் குளிப்பது கஷ்டமாக இருக்கிறது, சுவரை எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டார். நாங்கள் போனோம். அண்ணனின் சட்டைப் பையில் அளக்கிற டேப் இருந்தது. அதை எடுக்காமல், நடை திரும்புகிற இடத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் கால் நீட்டி மல்லாந்து படுத்தார். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு ஆள் நிற்கிற அளவு விட்டுப் புதுச் சுவருக்குக் கோடு போடச் சொன்னார்.

"எந்திரி மாமா, பாக்கவே நல்லால்ல," என்றாள் என் மனைவி.

"போடுடா," என்றார் அவர் என்னிடம், கண்ணை மூடிக்கொண்டே.

நான் குனிந்து கோடு போட்டேன்.