கெட்டுப்போன பியானோவை நன்றாக வாசித்தேன்

சில வருடங்களுக்கு முன்னால், ஒரு டிசம்பர் மழையில், ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ், சோபா போனதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நான் பியானோ டீச்சர். ஹாலில் சுவரோரம் நிற்கும் பழைய பியானோதான் என் பிழைப்பு. அதைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்க முடியுமா என்ன? இரண்டு நாள் தண்ணீரிலேயே நின்றது. மார்ச்சில் பதினோரு பிள்ளைகளுக்கு கிரேடு பரீட்சை வேறு.

நல்லவேளை, வீட்டுச் சாமான்களுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. பியானோவும் அதில் சேர்த்திதான். சேதத்தைப் பார்க்க சர்வேயர் வருகிறார் என்று போன் வந்ததும் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். வீட்டுக்கு ஆள் வந்தால் வீடு வீடாக இருக்க வேண்டாமா? தரையைத் தேய்த்துக் கழுவினேன். பியானோவைத் துடைத்து, பாலிஷ் போட்டு, மேலே லேஸ் துணி விரித்தேன். வந்தவருக்குக் காபியும் கேக்கும் கொடுத்தேன்.

"வாசிக்க வருதா மேடம்?" என்று கேட்டார்.

வருதாவா! முப்பது வருட டீச்சரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? எந்தெந்தக் கட்டைகள் அமுங்கினால் எழும்புவதில்லை என்று எனக்குத் தெரியும். அவற்றைத் தாண்டித் தாண்டி, ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை முழுதாக வாசித்தேன். அவர் கைதட்டினார். தவளை தன் வாயால் கெடும், நான் விரலால் கெட்டேன். பத்து நாளில் கடிதம் வந்தது: பியானோ நல்ல நிலையில் உள்ளது, சுத்தம் செய்யும் செலவு மட்டும் தரப்படும்.

கோபம் கோபமாக வந்தது, அந்த சர்வேயர்மேல். என் வீட்டுக்காரர் மட்டும், "அவர் என்ன பண்ணுவார்? நீதான் கச்சேரியே பண்ணிட்டியே" என்றார். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

கம்பெனியின் தாம்பரம் கிளைக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். என் பக்கம் ஒரு ஆள், அவர்கள் பக்கம் ஒரு ஆள், இருவரும் சேர்ந்து பார்த்துச் சேதத்தை மதிப்பிட வேண்டும். ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆள் சொல்வதே முடிவு.

என் பக்கம், பதினைந்து வருடமாக என் பியானோவுக்கு ட்யூன் செய்பவர்; அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் பக்கம் வந்தவரும் பியானோ ரிப்பேர்காரர்தான், ஆனால் காபிகூட வேண்டாம் என்ற உம்மணாமூஞ்சி. சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"பாட்டு வேணாம் மேடம். இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒவ்வொரு கட்டையா அமுக்குங்க, போதும்" என்றார் உம்மணாமூஞ்சி. அமுக்கினேன். டங், டங், டொக். டங், டொக், டொக். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நாளில் அந்தச் சத்தத்தை நானே முழுதாகக் கேட்டதில்லை.

பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து, கீழ்ப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார்கள். உள்ளே சேறு. "கவலைப்படாதீங்க டீச்சர், கொஞ்சம் செலவுல நானே ரெடி பண்ணிடறேன்" என்றார் அண்ணா. என் பக்கத்து ஆளே இப்படி! அவருக்குத் தன் கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

உம்மணாமூஞ்சி, சுவரில் நான் ஒட்டியிருந்த பரீட்சை அட்டவணையைப் பார்த்தார். "அண்ணே, மனசாட்சியோட சொல்லுங்க. பின்பலகை ஊதி ஒட்டு விட்டுடுச்சு. இன்னிக்கு ரெடி பண்ணுவீங்க, மார்ச்ல மறுபடி நின்னுடும். அப்ப பசங்க கதி?"

அண்ணா தலையைச் சொறிந்தார். "தாங்காதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள்: இதைப் பழுதுபார்க்க முடியாது, வேறு பியானோவுக்கான தொகை தர வேண்டும். மூன்றாவது ஆளுக்கு வேலையே இல்லை. "வேலை முடிஞ்சுது, இப்ப காபி குடுங்க மேடம்" என்றார் உம்மணாமூஞ்சி. எனக்குக் கட்டிப்பிடித்து நன்றி சொல்லலாம் போலிருந்தது.

பிப்ரவரியில் வேறு பியானோ வந்தது. பதினோரு பிள்ளைகளும் தேறினார்கள். முதலில் வந்த சர்வேயருக்குப் போன் போட்டு, மனதுக்குள் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். "ஆனா நீங்க வாசிச்சது நல்லாத்தான் இருந்துச்சு மேடம்" என்று சிரித்தார்.

போன மாதம் முட்டிவலிக்கு டாக்டரிடம் போனேன். "எப்படி இருக்கு?" என்றார். "பரவாயில்ல டாக்டர்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "மாடி ஏறவே முடியல" என்றேன். உதவ வந்தவரிடம் உடைந்ததை உடைந்ததாகவே காட்டக் கற்றுக்கொள்ள, இந்த வயதில் எனக்கு எதிர்த்தரப்பிலிருந்து ஓர் உம்மணாமூஞ்சி வரவேண்டியிருந்தது.