டேப்பட்டுக்குள் ஆயில், வாசலில் ராகு காலம்

இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டை மாற்றும் வேலையில் கஷ்டமான கட்டம், எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகுதான் வருகிறது. அப்போது சும்மா உட்கார வேண்டும். ஸ்பேனர் பிடிக்க யாருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். சும்மா உட்காருவது மட்டும் எங்கள் தொழிலில் ஒருத்தருக்கும் வருவதில்லை, எனக்கும் சேர்த்துத்தான். வண்டிக்காரர் எதிரில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

மதகடிப்பட்டு ஜங்ஷனைத் தாண்டி, விழுப்புரம் ரோட்டை ஒட்டி என் ஷெட். கலியமூர்த்தி மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக்காரர். கரும்பு போடுகிறார், கூடவே ஒரு டீசல் வேனும் வைத்திருக்கிறார். கரியமாணிக்கம் பக்கத்து ஊர்களில் பெண்களை ஏற்றி, ஒரு கம்பெனியின் மதிய ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விடுவது அந்த வேனின் வேலை. கேம் ஷாஃப்ட் தேய்ந்து வேன் என் ஷெட்டில் படுத்ததும், டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்டர் வேறு வண்டியை விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் போனில் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"இன்னிக்கு மதியம் உன் வண்டி கேட்ல நிக்கணும் கலியமூர்த்தி. நிக்கலன்னா இப்ப ஓடுற வண்டியையே பர்மனன்ட்டா போட்டுக்குவேன். அப்பறம் எங்கிட்ட வந்து அழுவாத."

புது கேம் ஷாஃப்ட் அன்று காலையில்தான் பாண்டி பஸ்ஸில் பார்சலாக வந்து இறங்கியது. நான் உடனே வேலையில் இறங்கினேன்.

நிரப்புவது

இந்த இன்ஜினில் இருப்பது ஹைட்ராலிக் டேப்பட். கட்டைவிரல் அளவு உருளை, உள்ளே ஒரு பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பால். உள்ளே ஆயில் நிறைந்திருந்தால், தானே உயர்ந்து வால்வு இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காற்று புகுந்துவிட்டால் வண்டி டைப் அடிக்கிற மாதிரி டிக் டிக்கென்று கத்தும்.

பழைய டேப்பட்டுகளை இடம் மாறாமல் முட்டை ட்ரேயில் நிற்க வைத்திருந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, மெல்லிசாகத் தீட்டிய சைக்கிள் போக்ஸ் கம்பியால் அந்த பாலைத் தட்டிவிட்டு, அழுக்கு ஆயிலைப் பிழிந்து எடுத்தேன். பிறகு புது ஆயிலில் முழுக அமுக்கி, குமிழி நிற்கும்வரை பம்ப் செய்தேன். வெளியே எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் கல் போல நிற்க வேண்டும். மெத்தென்று இறங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது, மறுபடி முதலிலிருந்து. எதற்கும் அவசரப்படவில்லை. ஆனால் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் செய்தேன்.

கேம் ஷாஃப்டை வைத்து, கேப் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் அளவாக முறுக்கி, டைமிங் மார்க் பார்த்து பெல்ட்டையும் மாட்டியாயிற்று. கலியமூர்த்தியின் மனைவி செல்வி அதற்குள் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஸ்டார்ட் பண்ணு பாய். பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்" என்றார் கலியமூர்த்தி.

"கொஞ்சம் பொறுங்க. டேப்பட்ல ஆயில் இறங்கணும்."

"இப்பதான குந்திக்கினு குந்திக்கினு ஆயில் ரொப்புன? இப்ப இறங்கணும்ன்ற. இன்னா பாய், வெளையாடுறியா?"

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். நிரம்பிய டேப்பட் முழு உயரத்துக்கு நிற்கும். கேம் மேலே உட்கார்ந்து அழுத்தும்போது, அதிகமான ஆயில் மயிரிழை இடைவெளி வழியாகக் கசிந்து வெளியேற வேண்டும். அதுவரை மூட வேண்டிய வால்வு முழுசாக மூடாது. டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் இடம் ரொம்பக் குறைவு. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் பிஸ்டன் வந்து வால்வை மோதும். அரை மணியாவது விட்டால்தான் எனக்கு நிம்மதி. பத்தரைக்கு அவ்வளவு நேரம் இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த வேன் தினமும் ராகு காலத்திலும்தான் ஓடுகிறது, எமகண்டத்திலும்தான் ஓடுகிறது. ஓடுகிற வண்டிக்கு அதெல்லாம் கணக்கில்லை. இன்ஜினைத் திறந்து மூடிய வண்டியின் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் கட்டாயம் நேரம் பார்ப்பார்கள். ராகு காலம் முடிய பன்னிரண்டு ஆகும். பன்னிரண்டுக்கு இங்கே கிளம்பினால் ஷிஃப்டுக்குப் போய்ச் சேர முடியாது. ராகு காலமாவது ஒன்றாவது என்று வேறு யாராவது சொல்லலாம். பாயாகிய நான் சொன்னால் அது வேறு மாதிரி போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

சாவி

கை துடைக்க வேஸ்ட் துணி எடுக்கத் திரும்பினேன். அதற்குள் கலியமூர்த்தி சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகிவிட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. இவர் இப்படிச் செய்வார் என்று தெரிந்தேதான் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்திருந்தேன்.

"பேட்டரிய புடுங்கி வெச்சிருக்கியா? எம் வண்டி பாய் இது! எம் பொழப்பு போவுது, நீ பாத்துக்கினு நிக்கிற!"

எனக்கும் கோபம் வந்தது. கத்தவில்லை. இன்ஜினைக் கையால் சுற்றுவதற்கு ஒரு ஸ்பேனரை கிராங்க் புல்லி போல்ட்டில் மாட்டி, பிடியை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே சுத்துங்க. மெதுவா. முட்டுச்சுன்னா அங்கயே நிறுத்திடணும், அழுத்தக் கூடாது."

சுற்றினார். பாதிச் சுற்று கூடப் போகவில்லை, ஸ்பேனர் டக்கென்று நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா பாய் இது?"

"பிஸ்டன் வால்வுல முட்டுது. கையால சுத்துனதால நின்னுச்சு. செல்ஃப் அடிச்சிருந்தா நிக்காது, வால்வு வளைஞ்சிருக்கும். ஹெட்டை மறுபடி கழட்டணும்."

ஸ்பேனரைச் சூடுபட்டவர் போல விட்டார். கொஞ்சம் பின்னால் திருப்பி வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டு அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அவ்ளோதான் பாய். பத்தரைக்கு முன்னாடி நீ விட மாட்ட. பத்தரைக்கு மேல நான் தொட மாட்டேன். ட்ரிப் போச்சு." சண்டை போட்டபோதுகூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்தக் குரல் தாங்கவில்லை.

அப்போது செல்விதான் வாய் திறந்தார்.

"ஏங்க, ஊருக்குப் போறப்ப நேரம் சரியில்லன்னா இன்னா பண்ணுவோம்? நல்ல நேரத்துலயே பைய எடுத்துக்கினு போயி எதுர் வூட்ல வெச்சிடுவோம்ல? பொறப்பட்டதா ஆயிடும். அப்பறம் எப்ப வேணா போலாம். வண்டிய இப்ப தள்ளி வெளிய நிறுத்துங்க. பாய் எப்ப சொல்றாரோ அப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

கலியமூர்த்தி அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தள்ளலாமா பாய்? இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"நியூட்ரல்ல போடுங்க. கியர்ல கை வெச்சீங்கன்னா இன்ஜின் சுத்திடும், கொன்னுடுவேன்."

கற்பூரம் ஏற்றினார்கள். பக்கத்து டீக்கடைக்காரரையும் கூப்பிட்டுக்கொண்டு நாங்கள் தள்ள, எலுமிச்சம்பழங்கள் நசுங்க, வேன் ஷெட்டை விட்டு ரோட்டோரத்துக்கு வந்தது. கடிகாரத்தில் பத்தரை ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. பிறகு எல்லோரும் உட்கார்ந்தோம்.

பதினொன்றை நெருங்கும்போது மறுபடி ஸ்பேனர் போட்டேன். முதலில் நின்ற இடம் வந்தபோது என் கை தானாகவே தயங்கியது. அங்கே நிற்கவில்லை. முழு சுற்று போயிற்று, இன்னொரு சுற்றும் போயிற்று. டெர்மினலை மாட்டி, "இப்ப அடிங்க" என்றேன்.

வண்டி எழுந்தது. டிக் டிக்கென்று ஒரே சத்தம். கலியமூர்த்தி மிரண்டுபோய் ஆஃப் செய்யப் போனார். "விடுங்க, டேப்பட்ல ஆயில் மறுபடி ஏறட்டும். ரேஸ் பண்ணாதீங்க" என்றேன். சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. கடைசியாக ஒன்று மட்டும் அடம்பிடித்தது. மனசுக்குள் அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். அதுவும் அடங்கியது. ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தோம், பிறகு போகச் சொன்னேன்.

டேப்பட் நிரப்பி மாட்டிய இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்க்காமல் செல்ஃப் அடிக்காதீர்கள். டெர்மினலை நீங்களே கழற்றி வையுங்கள். இது உங்களுக்கு மேனுவலிலும் கிடைக்கும். எனக்கு அன்று புரிந்தது வேறு. எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்ணணும் என்று வேலையைத் தொடும் முன்பே வண்டிக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். அவர் சொல்கிற நேரம் நமக்கு நம்பிக்கை இல்லாத நேரமாக இருந்தாலும், அதுவும் வேலையில் ஒரு பாகம்தான்.

ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கலியமூர்த்தி போன் செய்தார். பின்னால் பெண்கள் சீட்டுக்குச் சண்டை போடுகிற சத்தம்.

"பாய், எல்லாரும் ஏறியாச்சு. கேட்டுக்குப் போயிக்கினு இருக்கேன்."

"இன்ஜின் சத்தம் வருதா?"

"இதுங்க போடுற சத்தத்துல இன்ஜின் எங்க பாய் கேக்குது?" என்று சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் கேட்டேன்.