காம்போடு ஒடித்த அரளி

மண்ணூரில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் தென்மாவட்டப் பையன்களுக்கு, ஷிப்ட் முடிந்து வந்தால் ஒரே வாக்குவாதம். புகழ்பெற்ற பாட்டுக் குழு ஒன்று பிரிந்துபோனதே, அதில் தனியாகப் பாடி ஜெயித்தது யார் என்று. நேற்று, "தாத்தா, நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க" என்றார்கள். எழுந்து உள்ளே போய்விட்டேன். அப்படி ஒரு தீர்ப்பை நான் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவும் மாமாவும் சேர்ந்து பாடிய குழுவுக்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுக்கப் பெயர் இருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. நோட்டீஸில் யார் பெயரை முதலில் போடுவது என்று சண்டை வந்து குழு இரண்டானது. மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். அம்மா சிரிப்பதை நிறுத்தினாள். டீக்கடையில் ஊரே இருவரையும் எடைபோட்டது.

"மச்சினன் கொரல் வெண்கலம்யா. மேல போனா எறங்காது."

"எறங்கத் தெரியாதுன்னு சொல்லு! அவன் அக்கா புருசன் கூட்டத்தையே கட்டிப் போட்டுக்கினு பாடுறான், அது இன்னா லேசா?"

அந்த ஆண்டு அம்மன் திருவிழா மேடையை இருவருமே கேட்டார்கள். பேசிப் பேசியும் முடிவாகவில்லை. பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார் பூசாரி. வெள்ளை வந்தால் மாமா, சிவப்பு வந்தால் அப்பா.

"இந்தப் பயலே எடுக்கட்டும். ஒருத்தனுக்குப் புள்ள, இன்னொருத்தனுக்கு அக்கா மவன். யாரும் குத்தம் சொல்ல முடியாது."

அரளி பறித்துவரவும் என்னையே அனுப்பினார்கள். வெள்ளைப் பூவைக் காம்பில்லாமல் கிள்ளினேன். சிவப்பைக் காம்போடு ஒடித்தேன். பூசாரி அதைக் கவனிக்காமல், இரண்டையும் வாழையிலைத் துண்டுகளில் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் வைத்தார்.

மணி அடித்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா கைகூப்பி அம்மனையே பார்த்து நின்றார். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். முதல் பொட்டலம் மெத்தென்றிருந்தது. இரண்டாவதில் இலைக்கு அடியில் காம்பு தட்டுப்பட்டது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

"செவப்பு!"

அப்பாவின் ஆட்கள் கத்தினார்கள். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் தலையைத் தொட்டு, "நீ இன்னாடா பண்ணுவ? ஆத்தா சொல்லிட்டா" என்று சொல்லிப் படியிறங்கினார்.

மாமா குரல்தான் உசத்தி என்று எனக்குத் தெரியும். ஆனால் தோற்றுவிட்டால் வேறு வழியில்லாமல் அப்பாவிடம் வந்து சேர்வார், மறுபடி ஒன்றாகப் பாடுவார்கள் என்று நினைத்தேன். அன்று இருட்டும்வரை வாசலில் அவருக்காகக் காத்திருந்தேன்.

அவர் வரவில்லை. அதன்பின் எந்த மேடையிலும் பாடவும் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் ஓர் அரிசி மண்டியில் சாகும்வரை வேலை பார்த்தார். பாடக் கூப்பிட்டவர்களிடம், "ஆத்தாவே வேணாம்னுட்டா, அப்புறம் இன்னா?" என்பாராம். பெரியவனான பிறகு இரண்டு முறை அந்த மண்டி வரை போனேன். உண்மையைச் சொல்லாமலே திரும்பினேன்.

ஊர் சொன்ன குறைகளோடெல்லாம் மாமா சண்டை போட்டார். அம்மன் சொன்னதாக நம்பிவிட்டால் அவரால் சண்டை போட முடியாது என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.