குவைத்தில் ஒரு தாம்பரம்

எங்கள் அப்பா குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறார் என்பதை அறந்தாங்கியில் எங்கள் தெருவுக்கு நான்தான் தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை அது. ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்த தாய்மாமா, கடைக்குப் புதிது வந்ததும் பழைய கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். நான் அம்மாவின் உயிரை வாங்காமல் இருப்பதற்காக அதில் ஒரு புரோகிராமையும் போட்டுக்கொடுத்தார்.

எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அது பசில் துண்டுகளாக வெட்டிக் கலைத்துப்போடும். எத்தனை துண்டு என்று நாமே சொல்லலாம். மவுசால் இழுத்துச் சரியான இடத்தில் வைத்தால் ‘டிக்’ என்று ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் சித்தன்னவாசல் போனபோது எடுத்த குரூப் போட்டோவைத்தான் முதலில் வெட்டினேன். கணக்கு டீச்சரின் மூக்கைத் தேடுவதிலேயே ஒரு காலைப்பொழுது போயிற்று. டீச்சர் மூக்கில்லாமல் இருந்த அந்த நேரத்தை நான் அவசரப்படுத்தவும் இல்லை.

அப்பா வாரம் ஒரு போட்டோ அம்மாவின் போனுக்கு அனுப்புவார். தங்கியிருக்கும் கேம்ப்பில் நெட் சரியில்லை என்று சில மாதமாக வீடியோ காலை நிறுத்தியிருந்தார். குரல் மட்டும் வரும். அந்த வாரப் படத்தில் டீ கிளாஸோடு சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு ஜன்னல். மாமா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்துவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனார். நான் இருநூறு துண்டு போட்டேன்.

முகத்தையும் சட்டையையும் சீக்கிரம் சேர்த்துவிட்டேன். ஜன்னல்தான் பாடாய்ப்படுத்தியது. ஒரு துண்டில் மஞ்சளாக ‘தாம்’ என்றிருந்தது. எழுத்துள்ள துண்டுகள் சுலபம். தேடிப்பிடித்துப் பக்கத்தில் வைத்தேன். ‘பரம்’. டிக். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் நின்றிருந்தது. அதன் நெற்றியில் ஊர்ப்பெயர்.

“அம்மா! குவைத்துலயும் தாம்பரம் இருக்கும்மா!”

அம்மா அடுப்படியில் கட்டுமாவடிக் கடல்மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். “இருக்கும், இருக்கும்” என்றாள். அடுத்த நிமிடம் என் பின்னால் நின்றாள். கையைக்கூடக் கழுவவில்லை. விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டாள். திரையில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது. அவள் முகத்தைப் பார்த்ததும், கம்ப்யூட்டரை ஏதோ செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மாமாவை உடனே வரச்சொன்னாள். அவர் வந்து போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். பஸ்ஸுக்குப் பக்கத்திலிருந்த கடைப்பலகையும் தமிழில்தான் இருந்தது.

“அக்கா, இது மெட்ராஸு” என்றார்.

அம்மா போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பழக்கதோஷம், முதலில் “சாப்டீங்களா?” என்றுதான் கேட்டாள்.

“ம். இப்பத்தான் ரூமுக்கு வந்தேன்.”

“எந்த ஊரு ரூமுக்கு?”

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அப்பா அழுவார் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. கம்பெனியை மூடிவிட்டார்களாம். எல்லோரையும் அனுப்பிவிட்டார்களாம். விமானத்தை விட்டு இறங்கி நாலு மாதம் ஆகிறதாம். “மாலை போட்டு அனுப்புன ஊருக்கு வெறுங்கையோட எப்புடி வர்றது? ஒரு நல்ல வேலை அமையட்டும், சொல்லிக்கலாம்னு இருந்தேன்.”

“எனக்குமா சொல்லக்கூடாது?” என்றாள் அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம். கடல் தாண்டி இருந்தவர் ஒரு பஸ் தூரத்துக்கு வந்துவிட்டார். இதற்கு ஏன் இரண்டு பேரும் அழுகிறார்கள்?

மூன்றாம் நாள் மாமா போய் அப்பாவைக் கூட்டிவந்தார். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த எங்களுக்குப் போன் வந்தது, முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்களாம். நாங்கள் அங்கே போனோம். அப்பா இளைத்திருந்தார். அம்மா அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். சுட்டெரிக்கும் வெயிலில், ஆளெல்லாம் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில், வாய்க்கால் ஓரமாக நடந்தோம்.

“அப்பா, அங்கிட்டு ரோடு வழியாப் போவோம்ப்பா. அங்கதான் என் பிரெண்ட்ஸ் எல்லாம் இருப்பாங்க!” என்று கத்தினேன்.

“மெதுவாப் பேசுத்தா” என்று அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

தெருவில் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லையே என்று வீட்டுக்கு வந்தபிறகும் நான் வெகுநேரம் கோபித்துக்கொண்டிருந்தேன்.