எஸ்தர் சிஸ்டருக்கு இரண்டு பாட்டு

அச்சகத்தில் வேலை செய்பவனுக்கு ஊரில் யார் செத்தாலும் வேலை உண்டு, அழத்தான் நேரம் கிடையாது. தொண்ணூறுகளில் ஆம்பூரில் ஈய அச்செழுத்துக் கோத்தேன். கண்ணீர் அஞ்சலிக்குப் பாட்டு எழுதுவதும் என் தலையில் விழுந்தது. அவசர வேலையில் மாட்டி விழித்தவர்தானே நீங்களும்? என்னை மன்னிப்பீர்கள்.

ஒரே அழுகை

நான் எழுதியது நாலே வரி:

காலனே, உனக்குக் கண்ணில்லையா?
காய்த்த மரத்தைச் சாய்த்தது சரியா?
பெற்ற பிள்ளைகள் கதறும் கதறல்
கேட்கச் செவியும் உனக்கில்லையா?

அதைக் கோத்து, நூலால் கட்டி, அப்படியே வைத்திருந்தேன். பெயரையும் படத்தையும் மாற்றினால் போஸ்டர் தயார். ஒரே வாரத்தில் அடுத்தடுத்த தெருவில் இரண்டு சாவு. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து இறந்தவரின் தம்பி நேராக வந்துவிட்டார். "இன்னாங்க இது, பின்னாடி தெருவுல செத்தவருக்கும் எங்க அண்ணனுக்கும் ஒரே அழுகையா?"

முன்கூட்டியே வந்தவர்

எஸ்தர் சிஸ்டர், ஷாப் ஆட்கள் போகும் சின்ன ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளாதவர். டாக்டர் நாள் குறித்துவிட்டார் என்று சிரித்தபடி சொல்லி, தன் அடக்க ஆராதனைக் கார்டுக்குத் தானே பாட்டு கேட்டு வந்தார். நான் அந்த நாலு வரியை நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இதுல சாவு இருக்குது, நான் எங்கப்பா? முப்பது வருஷமா இன்னா செஞ்சேன்னு ஷாப் ஆளுங்களக் கேட்டு எழுது. அப்புறம், நான் கர்த்தர்கிட்ட போறேன், காலன்கிட்ட இல்ல."

மூன்றாம் வரி

அடுத்த வாரம் விசாரிக்கிறேன் என்றேன். கல்யாணப் பத்திரிகை சீசன், வாரம் மாதமானது. ஒரு காலையில் சிஸ்டரின் தங்கை அழுதுகொண்டே வந்தார். சாயங்காலம் அடக்கம். என் கை தானாகக் கட்டி வைத்த நாலு வரிக்குப் போனது. பெயரை மாற்றினேன், காலனைக்கூட எடுக்கவில்லை.

சர்ச் வாசலில் கார்டு கொடுத்தபோதுதான் மூன்றாம் வரி கண்ணில் குத்தியது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. சிஸ்டரோடு வேலை பார்த்த நர்ஸ் இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சிஸ்டருக்கு ஏதுங்க பிள்ளைங்க?"

இரண்டாவது பாட்டு

அதற்குப் பிறகுதான் ஷாப் ஷாப்பாக விசாரித்தேன். முதல் வருஷ நினைவுக் கார்டுக்கு எழுதினேன்:

சுண்ணாம்பு தின்ற விரல்களையெல்லாம்
மடிமேல் வைத்து மெல்லத் துடைத்தார்;
வலிக்குதா என்றார், அழவும் விட்டார்;
ஆறிய கைகள் வேலைக்குப் போயின.

முதல் பாட்டில் சாவு கூச்சல் போடுகிறது, செத்தவர் யாரென்றே தெரியவில்லை. இரண்டாவதில் சாவு என்ற சொல்லே இல்லை. ஆனால் ஊர் யாரை இழந்தது என்று தெரிகிறது. ஷாப்பில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்த பாஷா பாய்க்குப் படித்துக் காட்டினேன். தழும்பேறிய கையால் கார்டை வாங்கிக்கொண்டார். "நல்லா கீது தம்பி. போன வருஷமே எழுதியிருந்தா சிஸ்டரே படிச்சிருப்பாங்களே."

நான் செய்த அஞ்சலி வேலைகளில் ஒன்றுகூடத் தாமதமானதில்லை, உயிரோடு வந்து கேட்ட ஒரே வாடிக்கையாளரின் வேலையைத் தவிர.