மஞ்சள் தண்ணீர்த் துப்பாக்கி

இன்று காலை கிள்ளானில், எங்கள் வீட்டில், அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம்.

முடிந்ததும் ஐயர், "வீடு முழுக்க மஞ்சத் தண்ணி தெளிங்க, மூலைமுடுக்கு விடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மாவிலையால் தெளித்தால் மேல்மூலைகளுக்கு எட்டவில்லை. தங்கச்சி தன் மகளின் தண்ணீர்த் துப்பாக்கியை எடுத்து வந்தாள்.

"இதுல ஊத்தி அடிண்ணே. ஈசி லா."

அடித்தேன். தண்ணீர் ஹால் கூரையைத் தொட்டது. கூடவே துப்பாக்கியில் நீலமும் சிவப்புமாக விளக்கு, ஆம்புலன்ஸ் சைரன். சைரன் வரும் என்று அவள் சொல்லவே இல்லை.

பக்கத்து வீட்டு ஆன்டி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். "ஐயோ, இப்ப யாருக்கு?"

"யாருக்கும் இல்ல ஆன்டி. துப்பாக்கிதான்."

அவர் என் கையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தத் துப்பாக்கியை வாங்க நினைப்பவர்களுக்கு: தண்ணீர் பத்தடி தாராளமாகப் போகிறது. ஒழுகல் இல்லை. விளக்கு பிரமாதம். சைரன், அன்று அப்பாவை ஏற்றிப் போன வண்டியின் சத்தமேதான்.

ஹால் முடிந்தது, சமையலறை முடிந்தது. இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அப்பாவின் அறை இன்னும் பாக்கி.