பவுசரில் வந்த கிணற்றுத் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு காலை ஒன்றில், மாம்புரியில் நான் வாங்கிப் போட்டிருந்த அரை ஏக்கர் தென்னங்காணியில் நின்று, கிணற்றுக்குள் பவுசர் லொறியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். காசு கொடுத்து ஊற்றியவன் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மகளின் வீட்டுக்கென்று வைத்திருந்த காசு முழுவதையும் போட்டு ஜனவரியில் அந்தக் காணியை வாங்கினேன். ஆறு துண்டாகப் பிரித்து விற்பது திட்டம். நாலு துண்டு போனால் முதல் வந்துவிடும், மற்ற இரண்டும் லாபம். போகாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே விடவில்லை. காணி உறுதிப் பத்திரத்தைச் சட்டத்தரணியிடம் காட்டினேன். எல்லையை அளப்பித்தேன். இங்குள்ள வழக்கப்படி கிணற்றுத் தண்ணீரையும் குடித்துப் பார்த்தேன். இளநீர் மாதிரி இருந்தது. மாரி மழை முடிந்த கையோடு குடித்தால் கடற்கரைக் கிணறு அப்படித்தான் இருக்கும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

வெயில் ஏற ஏறத் தண்ணீர் கரித்தது. குழாய்த் தண்ணீரும் அந்த ஒழுங்கைக்கு வரவில்லை. காணி பார்க்க வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றம்" என்று போனார்கள். ஒரு துண்டும் விலைப்படவில்லை. மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு நாள் கேட்கத் தொடங்கினார்கள்.

"உறுதியப் பாத்தீங்க, எல்லையப் பாத்தீங்க. கோடையில தண்ணி எப்பிடி எண்டு பக்கத்துக் காணிக்காரர்ட்டக் கேக்க வாய் வரல்லயா?" என்றாள் மனைவி.

அப்போதுதான் தில்லையடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பதி காணி பார்க்க வருவதாகச் சொன்னார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, சிறு பிள்ளைகளாக இங்கே வந்தவர்கள். சொந்தமாக வாங்கப்போகும் முதல் நிலம் அது. இதை விட்டால் முடிந்தது என்ற பயத்தில், மோட்டார் போட்டுக் கிணற்றை இறைத்துவிட்டுப் பவுசரைக் கூப்பிட்டேன்.

ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றாகியும் வரவில்லை. மணல் என் காசைச் சத்தமில்லாமல் குடித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அள்ளி ருசி பார்த்து, அவர்கள் வந்தபோது நான் குனியமுடியாத வயிற்றோடு நின்றேன்.

கணவர் குடித்துவிட்டு, "நல்ல தண்ணி" என்று அட்வான்ஸ் காசை எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டார். அவர் மனைவி வாளியை மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்ன நானா, குளோரின் மணக்குது?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"நேத்துத்தான் கிணறு கழுவினம் தங்கச்சி."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அவளும் நம்பிவிட்டாள்.

"கோடையிலயும் இப்பிடித்தானே? பிள்ளைகளுக்குக் குடிக்கவும் இதுதான். வாங்கிக் குடிக்க எங்களுக்கு ஏலாது."

ஓம் என்று ஒரு சொல் போதும். மகளின் வீட்டுக்கு அத்திவாரம் விழுந்துவிடும். வாயைத் திறந்தேன்.

"இல்ல தங்கச்சி. கோடையில உப்பு. இது பவுசர்ல வந்த தண்ணி."

கணவர் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அப்ப, தண்ணியில்லாத காணிக்கு விலை சொல்லுங்க."

சொன்னேன். ஒரு துண்டு எடுத்தார்கள். மழைத்தண்ணீர் பிடிக்கத் தாங்கி கட்டி இப்போது அங்கேயே இருக்கிறார்கள். மற்ற ஐந்தையும், உப்பென்று முதலே சொல்லி, அதே விலைக்கு விற்று முடிக்க ஒன்றரை வருடம் போனது. லாபம் ஒரு சதமும் இல்லை. மகளின் கல்யாணமும் அவ்வளவு காலம் தள்ளிப்போனது.

இன்றைக்கும் யாராவது காணிக் கணக்கோடு வந்தால், அந்தப் பெண் வாளியைப் பிடித்தபடி என் பதிலுக்குக் காத்து நின்ற அரை நிமிடம்தான் ஞாபகம் வருகிறது. அவ்வளவு நேரம்கூட நான் யோசித்திருக்கக் கூடாது.